வள்ளியாத்தாள் கேட்ட பூவாக்கு

வள்ளியாத்தாளின் கழுத்தில், தாலி இருந்த இடத்தில், அந்த வருஷம் ஒரு சாவி தொங்கியது. அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவளே கட்டிக்கொண்டாள். மாட்டுச் சங்கிலியின் பூட்டுக்கு உரிய சாவி அது. ஆனால் சங்கிலியில் கட்டியிருந்தது மாடு அல்ல, அவள் பெற்ற மகன் நஞ்சுண்டன். ஆடி பிறந்தால் அவனுக்குப் பதினான்கு முடியும்.

கேட்டதும் இவளெல்லாம் ஒரு தாயா என்று கேட்கத் தோன்றும். ஊரிலும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் ஒருவராவது, அவனை எங்கள் வீட்டில் ஒரு நாள் வைத்துக்கொள்கிறோம் என்று வாயைத் திறந்தார்களா என்றால், அதுதான் இல்லை. நியாயம் பேசுவதற்கு மட்டும் நம் ஊர்களில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது.

அவள் பிறந்தது சத்தியமங்கலத்துப் பக்கம், பவானித் தண்ணீர் பாய்கிற ஊரில். பதினைந்து வயதில் பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து வறண்ட காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த அன்று கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அழுததாகச் சொல்வார்கள். பிறகு அழுகையை விட்டுவிட்டாள். களை எடுப்பது, பருத்தி எடுப்பது, மாடு கறப்பது என்று எந்த வேலைக்கும் அவள் முன்னால் நின்றாள். பேச்சு மட்டும் குறைவு. யார் எதைச் சொன்னாலும் “ஆகட்டுங்க” என்பாள். அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவள் அப்பன் கேட்டதற்கும் அதுதான் பதில். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, பூமியை இனி நான் சேர்த்து உழுகிறேன் என்று கொழுந்தன் செங்கோடன் சொன்னதற்கும் அதுதான் பதில். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவள் வாயால் ஒரு முடிவு சொல்லி யாரும் கேட்டதில்லை.

நஞ்சுண்டனுக்கு என்ன ஆயிற்று என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பதினோரு வயதில் அப்பனுக்குக் கொள்ளி வைத்தவன், வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டியவன், திரும்பிப் பார்த்துவிட்டான், நெருப்பு அவன் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டது என்றார்கள். காற்றுக் கருப்பு என்றார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றும் சொன்னார்கள். செல்லம் கொடுக்க அவளுக்கு எங்கே நேரம் இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. நடந்தது இதுதான்: பையன் தீ வைக்க ஆரம்பித்தான்.

முதலில் ஒரு முள்வேலி எரிந்தது. யாரோ பீடி போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த கோடையில் செங்கோடனின் சோளத்தட்டுப் போர் எரிந்தது. மழை இல்லாத வருஷத்தில் தட்டுப்போர் போனால் மாடு போனது மாதிரி. செங்கோடன் ஒரு ஜோடி எருதை அடிமாட்டு விலைக்கு விற்றான். தீப்பெட்டியோடு பிடிபட்ட பையனை வள்ளியாத்தாள் விளாறால் அடித்தாள். “ஏன்டா வெச்சே, ஏன்டா வெச்சே?” என்று கேட்டுக் கேட்டு அடித்தாள்.

“தெரியலீங்க ஆத்தா. பாக்கோணும்னு இருக்குது” என்றான் அவன். அடித்த கை நின்றுவிட்டது. அந்தப் பதிலுக்கு அடித்து என்ன செய்ய?

மூன்றாவது முறை அவர்கள் வீட்டுப் போரே எரிந்தது. போரின் நிழலில் ஆறு வயது மகள் ராசாத்தாள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். செங்கோடன் பாய்ந்து இழுத்து வந்ததால் பிள்ளை பிழைத்தது. ஒரு பக்கத்து முடி கருகி, காதும் கழுத்தும் வெந்துபோயின. நஞ்சுண்டன் பத்தடி தள்ளி நின்று நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையின் அலறல் காதில் விழுந்த பிறகுதான் அவனுக்கு உணர்வு வந்தது. “அவ அங்க இருந்தது எனக்குத் தெரியாதுங்க ஆத்தா” என்று தரையில் விழுந்து புரண்டு அழுதான். அது பொய் இல்லை என்று வள்ளியாத்தாளுக்குத் தெரியும். பொய்யாக இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஊர் ஆட்கள் தடியோடு வந்தார்கள். அன்றைக்கு அவனை உயிரோடு விட்டதே செங்கோடனால்தான். “நாஞ் சங்கிலி போட்டு வெச்சுக்கறனுங்க, அடிச்சுப்போடாதீங்க” என்று எல்லாரையும் கும்பிட்டு அனுப்பினான். தன் மாட்டுச் சங்கிலியை அவனே கொண்டுவந்து, தோட்டத்துச் சாளைக் குடிசையின் நடுக்காலில் பையனைக் கட்டினான். சாவியை அண்ணன் மனைவியிடம் கொடுத்தான்.

அதன்பின் வள்ளியாத்தாள் வீட்டில் தீப்பெட்டி வைக்கவில்லை. அடுப்புப் பற்றவைக்க, தினமும் காலையில் ஓட்டாஞ்சில்லை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கங்கு வாங்கப் போவாள். அவர்கள் கங்கைப் போடும்போதே, பத்திரம், பத்திரம் என்று நாலு தரம் சொல்வார்கள். அவள் “ஆகட்டுங்க” என்று வாங்கி வருவாள். சமைத்து முடித்ததும் அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாளைக்குச் சோறு கொண்டுபோவாள். பையன் சில நாள் சங்கிலியை இழுத்துக் கத்துவான். சில நாள் சமர்த்தாக உட்கார்ந்து, சோளத்தட்டையைப் பிளந்து தங்கைக்கு வண்டி செய்வான். சக்கரம் உருளும், நுகத்தடி தூக்கும், அத்தனை நேர்த்தியாக இருக்கும். ராசாத்தாள் அதை வாங்கிக்கொள்ள ஆசைப்படுவாள். ஆனால் கிட்டே போகமாட்டாள். தாயின் முந்தானைக்குள் நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டுவாள்.

அந்த நீட்டிய கையைப் பார்க்கும்போதெல்லாம் வள்ளியாத்தாளின் மனசுக்குள் ஒன்று ஓடும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அப்படித்தானே நிற்கிறேன் என்பதுதான் அது. பெற்ற மகனைக் கண்டு அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் ஊர் மணியகாரர் அரங்கசாமி கோயமுத்தூர் போய்விட்டு ஒரு சேதியோடு வந்தார்.

“இங்க பாரு அம்மணி, மெட்ராஸ் பக்கம் சர்க்கார் பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குதாம். ஜெயில் இல்ல. இந்த மாதிரிப் பசங்களுக்குன்னே வெச்சிருக்கறாங்க. டாக்டர் வந்து பாப்பாராம். தச்சு வேலை, நெசவு எல்லாஞ் சொல்லிக் குடுப்பாங்க. பதினெட்டு வயசு வரைக்கும் சோறு துணி அங்கயேதான்.”

“எப்படிங்க சேத்தறது?” என்று கேட்டது செங்கோடன்.

“பெத்தவ கச்சேரிக்குப் போகோணும். மேஜிஸ்ட்ரேட் முன்னால நின்னு, இவன் எம் பேச்சுக்கு அடங்கறதில்ல, என்னால வெச்சுக் காக்க முடியாது, நீங்க எடுத்துக்குங்கன்னு வாயால சொல்லோணும். வேற ஆரு சொன்னாலும் ஆகாது. பதினாலு முடியறதுக்குள்ள, ஆடிக்குள்ளயே சொல்லீரோணும், அப்பத்தான் எடுத்துக்குவாங்களாம். அப்புறம் தீ வெச்சுப் புடிபட்டான்னா நேரா ஜெயிலுதான் அம்மணி.”

இரண்டு பேரும் வள்ளியாத்தாளைப் பார்த்தார்கள். வழக்கமான “ஆகட்டுங்க” அவள் வாயில் வரவில்லை. “ரோசனை பண்ணிச் சொல்றனுங்க” என்றாள்.

ரோசனை பண்ண என்ன இருந்தது? அனுப்பவேண்டும் என்று மணியகாரர் பேசி முடிப்பதற்குள்ளேயே அவள் தீர்மானித்துவிட்டாள். அனுப்பினால் சின்னவள் பயமில்லாமல் தூங்குவாள். பையனும் காலில் புண் இல்லாமல் ஒரு தொழில் கற்றுக்கொண்டு வருவான். எல்லாம் சரி. ஆனால் அதைச் சொல்வது யார்? இவனை என்னால் வைத்துக்கொள்ள முடியாது என்று, அவன் காதுபட, பெற்ற வாயால் எப்படிச் சொல்வது? சங்கிலியைப் பூட்டிவைக்க முடிந்தவளுக்கு, அந்த ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இது என்ன நியாயம் என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. மனுஷ மனசு அப்படித்தான் இருக்கிறது.

ஆனி பிறந்ததும் செங்கோடன் வந்து நின்றான். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கை என்பார்கள்.

“நங்கை, நானு என்னமோ பூமிக்கு ஆசப்பட்டு அவனை ஊர உட்டே தாட்டியுடப் பாக்கறன்னு ஊருக்குள்ள பேசறாங்க. பேசறவங்க பேசட்டும். நீங்களே சொல்லுங்க, சங்கிலி எத்தன நாளைக்குங்க?”

“பெத்தவ எப்படிங்க சொல்றது?”

“அப்ப ஆருதான் சொல்றதுங்க?”

“சாமிகிட்டப் பூக் கேக்கலாமுங்க” என்றாள் வள்ளியாத்தாள்.

அந்த ஊரில் முடிவு தெரியாத காரியத்துக்கெல்லாம் பூக் கேட்பார்கள். கிணறு வெட்ட, பெண் எடுக்க, பங்கு பிரிக்க, எதற்கும். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்து நாரால் கட்டவேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. பொட்டலம் கட்டுவது கேட்கிற வீட்டாரின் பொறுப்பு. கோயில் பண்டாரம் அவற்றை அம்மன் காலடியில் குலுக்கிப் போடுவார். அறியாத பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்கும். எடுத்ததை மட்டும் பிரிப்பார்கள். மற்றதைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடவேண்டும். வீட்டாரே கட்டுகிறார்களே, ஏமாற்றமாட்டார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அம்மனை ஏமாற்றலாம் என்ற நினைப்பே அங்கே யாருக்கும் வந்ததில்லை.

வள்ளியாத்தாளுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு, கிணற்று மேட்டு அரளிச் செடியில் வெள்ளையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் பறித்தாள். வெள்ளையை மடித்துக் கட்டினாள். சிவப்பை இலையில் வைத்தாள். சின்னவள் சிவப்பை எடுத்துவிட்டால்? இன்னும் எத்தனை காலம் கங்கு வாங்கப் போவது, எத்தனை காலம் பூட்டுவது? சிவப்புப் பூவை வாய்க்காலில் போட்டாள். இன்னொரு வெள்ளையைப் பறித்து மடித்தாள். நார் இரண்டு தரம் அறுந்தது.

சங்கிலியை அவிழ்த்து, குளிக்கவைத்து, பையனைக் கோயிலுக்கு நடத்திப் போனார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து அவன் கத்தவே இல்லை. வழியில் தாயின் பக்கத்தில் வந்து, “செவப்புத்தானுங்க ஆத்தா வரும். நானு நல்லாக் கும்புட்டிருக்கறேன். இனி வெக்க மாட்டேன்னு அம்மன்கிட்டச் சொல்லீட்டேன்” என்றான். வள்ளியாத்தாள் பாதையைப் பார்த்து நடந்தாள்.

ராசாத்தாள் எடுத்துக் கொடுத்தாள். பண்டாரம் பிரித்தார். வெள்ளை.

கூட்டம் பெருமூச்சு விட்டது. மணியகாரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அம்மனே சொல்லீட்டா அம்மணி, இனி உனக்கு என்ன கவலை?” என்றார். மிச்சப் பொட்டலத்தை வள்ளியாத்தாள் மடியில் கட்டி எடுத்துவந்து கிணற்றில் போட்டாள். எல்லாம் நினைத்தபடி முடிந்தது. பழி அவள் மேல் இல்லை.

ஆனால் பையன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை. அம்மன் வாக்கு வந்துவிட்டதே என்று செங்கோடன் சங்கிலியை எடுக்கச் சொன்னான். எடுத்தாள். பையன் நடுக்காலை விட்டு நகரவில்லை. கட்டியிருந்தபோது எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தானோ அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். தட்டையைக் கையில் எடுப்பதில்லை, ராசாத்தாள் கூப்பிட்டால் பார்ப்பதில்லை. நீராகாரம் ஒரு வாய் குடிப்பான், அவ்வளவுதான். கண் குழிக்குள் போய்விட்டது.

ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தான். “சாமிக்கே நானு வேண்டாமுங்களா ஆத்தா?”

“அப்படியெல்லாம் இல்ல கண்ணு” என்று சொல்லிவிட்டு, வள்ளியாத்தாள் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கன்றுக்குட்டியிடம் போய்விட்டாள்.

அங்கே நின்றபோதுதான் தான் எதில் மாட்டிக்கொண்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. தாய் விரட்டினால் பிள்ளை கோபப்படும், திட்டும், ஒரு நாள் திரும்பியும் வரும். சாமி விரட்டினால் அது எங்கே போகும்? சொல்லிவிடலாம் என்றால், மகன் இனி முகம் பார்க்கமாட்டான். ஊர் சும்மா விடாது. அம்மன் வாக்கை மாற்றியவளுக்கு அந்த ஊரில் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். பிறகு சின்னவளை யார் கட்டுவார்கள்? சொல்லாவிட்டால், இவன் இப்படியே ஒட்டி உலர்ந்து மெட்ராஸ் போய்ச் சேருவானோ, சேராமலே போவானோ. அழக்கூட வரவில்லை.

கச்சேரிக்குப் போகிற நாள் வந்தது. அவனுக்குப் பிடித்த அரிசிபருப்புச் சோறு ஆக்கி, நெய் விட்டு, தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டாள். செங்கோடன் பஸ்ஸில் கூட்டிப் போனான். வழி நெடுக நஞ்சுண்டன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான்.

கோயமுத்தூர்க் கச்சேரியில் மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். மேஜிஸ்ட்ரேட் தமிழர்தான், மூக்குக்கண்ணாடி போட்ட நடுவயசுக்காரர். பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவளைக் கேட்டார்.

“உன் மகன்தானே? என்ன சொல்றேம்மா?”

“சாமி உத்தரவாயிருச்சுங்க” என்றாள்.

“என்ன உத்தரவு?”

“பூக் கேட்டமுங்க. வெள்ளை வந்துதுங்க. அனுப்பச் சொல்லி அம்மன் வாக்குங்க.”

குமாஸ்தா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மேஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மன் இங்கே வந்து கையெழுத்துப் போடமாட்டாள் அம்மா. இவனை வைத்துக் காப்பாற்ற முடியாதுன்னு சொல்றது நீயா, இல்லையா? நீ சொன்னால் எழுதறேன். இல்லேன்னா கூட்டிக்கிட்டுப் போ.”

எதிலிருந்து தப்பிக்க இத்தனை பாடுபட்டாளோ, அது கடைசியில் அங்கே வந்து அவள் எதிரில் நின்றது. வள்ளியாத்தாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிராணன் எந்த நேரமும் போய்விடலாம் என்பது மாதிரி நின்றான்.

“நாந்தானுங்க” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். “நாந்தானுங்க சொல்றேன். என்னால முடியலீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க.” பிறகு மேஜிஸ்ட்ரேட்டை விட்டுவிட்டு மகனிடம் பேசினாள். “நஞ்சுண்டா, இங்க பாரு. பூ ரெண்டும் வெள்ளை. நாந்தான் மாத்தி வெச்சேன். அம்மன் ஒண்ணுஞ் சொல்லல கண்ணு. உன்னைய அனுப்பறது நானு.”

வாசலில் நின்ற செங்கோடன், “நங்கை!” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

நஞ்சுண்டன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். “சாமி இல்லீங்களா?”

“இல்ல கண்ணு.”

“நீங்கதானுங்களா?”

“நாந்தான்.”

அவன் முகம் சிவந்தது. மூச்சு வாங்கியது. “அப்ப ஏனுங்க பொய் சொன்னீங்க? இத்தன நாளா நானு... உங்க மூஞ்சியிலயே இனி முழிக்க மாட்டனுங்க! செத்தாலும் வர மாட்டனுங்க!” என்று கச்சேரி முழுதும் கேட்கக் கத்தினான். சேவகன் அதட்டினான். பையன் அடங்கவில்லை. மேஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி, கத்தட்டும் என்று விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். வள்ளியாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

ஊர் பிறகு அவளைச் சும்மா விடவில்லை. கோயில் பூவைத் தொட விடவில்லை, பொங்கல் வைக்க விடவில்லை. அந்த வருஷமும் மழை பொய்த்ததற்கு அவள் தலைதான் கிடைத்தது. ராசாத்தாளுக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் மாப்பிள்ளை அமையாமல், பெருந்துறைக்கு அந்தப் பக்கம் தேடித்தான் கட்டிக்கொடுத்தார்கள். இதெல்லாம் வரும் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் அதையெல்லாம் நினைக்கவில்லை.

கச்சேரியில் எழுதி முடிந்தபோது ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. பையனைக் கூட்டிப்போகவேண்டிய போலீஸ்காரர் மைதீன் பிச்சை, அவனைக் கச்சேரி வளவில் புளியமரத்தடியில் உட்காரவைத்தார். வள்ளியாத்தாள் தள்ளி நின்றாள். கிட்டே போக அவளுக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பையன் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் போலீஸ்காரரிடம் சொன்னான்.

“ஏனுங்க, எனக்குப் பசிக்குதுங்க.”

மைதீன் பிச்சை அவளைப் பார்த்துக் கையை அசைத்தார். அவள் ஓடிவந்து போசியைத் திறந்தாள். மூடியில் சோற்றை வைத்து நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து தின்றான். அள்ளி அள்ளித் தின்றான். தீர்ந்ததும், திரும்பாமலே மூடியைப் பின்னால் நீட்டினான்.

அவள் குனிந்தாள். கழுத்துச் சாவி போசியில் மோதிச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு அவன் தோள் ஒரு தரம் தூக்கிப்போட்டது. நீட்டிய கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அவள் சாவியை முந்தானைக்குள் தள்ளிவிட்டு மறுபடியும் சோற்றை வைத்தாள். போதும் என்று அவன் சொல்லவில்லை. போசி காலியாகும் வரைக்கும் அவள் வைத்துக்கொண்டே இருந்தாள்.